கவர் போட்ட காருக்கு என்ன வாடகை?

வட சென்னைக்கு நல்லது எல்லாம் கடைசியாக வரும், வசூல் மட்டும் முதல் ஆளாக வந்து நிற்கும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பார்க்கிங் கட்டணம் என்று யார் வாயெடுத்தாலும் டீக்கடையில் உடனே இதைத்தான் எடுத்து வீசுவார்கள். பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. மெட்ரோ ரயில் 2015-இல் கோயம்பேடு பக்கம் ஓட ஆரம்பித்தது. வண்ணாரப்பேட்டைக்கு வர 2019 ஆயிற்று. அங்கிருந்து தண்டையார்பேட்டை தாண்டி விம்கோ நகருக்குப் போக 2021. தி.நகர் பாண்டி பஜாரில் அகல நடைபாதை போட்டுத் திறப்பு விழா நடந்த 2019 நவம்பரில் எங்கள் டி.எச். ரோடு, அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலை, மெட்ரோ வேலைக்காகத் தோண்டிக் கிடந்தது. அப்படிப்பட்ட ஊரில் வீட்டு வாசலில் வண்டி நிறுத்துவதற்கும் துட்டு கேட்டால் யாருக்குத்தான் எரியாது? எனக்கும் எரிந்தது. எரிச்சல் அடங்கிய பிறகும் ஒரு கேள்வி மட்டும் அடங்கவே இல்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கும் ஒரு கார் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வேகன் ஆர். தெருவில்தான் நிற்கிறது. மாமியார் வீடு, கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் எடுப்பேன். மற்றபடி பஸ், மெட்ரோ, நடை. ஆகவே இதை நடுநிலையாளர் ஒருவர் எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தெரு தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் இருபதடித் தெரு. பகலில் ஓரளவு மூச்சு விடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கக் கார், எதிர்ப் பக்கம் ஸ்டாண்டு போட்ட பைக்குகள், நடுவில் ஆட்டோ ஒன்று கண்ணாடியை மடக்கிக்கொண்டு போகும் அளவு வழி. மெட்ரோ வாட்டர் லாரி உள்ளே வந்து பல நாளாயிற்று. முனையிலேயே நின்று ஹோஸை இழுத்துப் போடுகிறார்கள், ஹோஸ் எட்டாத வீட்டுக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். இவ்வளவு நெரிசலிலும் தெருவுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. காரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்த இடத்தில் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியை வைத்துவிட்டுப் போவது. சிலர் இரண்டு ஹாலோ பிளாக் கல். ஒருவர் செத்துப்போன துளசிச் செடியோடு ஒரு தொட்டி. நாற்காலியை நகர்த்தி இன்னொருவர் வண்டியை விட்டால் அன்றைக்குச் சண்டை நிச்சயம். அதாவது இந்த இடம் இன்னாருக்கு என்று ஒதுக்கும் பர்மிட் முறை எங்கள் தெருவில் ஏற்கனவே நடப்பில் இருக்கிறது. விலை மட்டும்தான் இல்லை. சத்தமாகப் பேசத் தெரிந்தவருக்கு இடம், அவ்வளவுதான்.

இந்தக் கார்களில் ஒன்று நீண்ட நாளாக அசையாமல் நிற்கிறது. வெள்ளி நிறக் கவர் போட்டிருக்கும். கவரின் மேல் முருங்கை இலை உதிர்ந்து, மழையில் ஊறி, காய்ந்து, ஓரமெல்லாம் பச்சையாகப் பாசி பிடித்துவிட்டது. பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த செங்கல் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. முன் டயரில் காற்றே கிடையாது. அடியில் ஒரு பூனை குட்டி போட்டு வளர்த்து முடித்துவிட்டது. கார்க்காரர் எங்கள் தெருவில் இல்லை, மகன் வீட்டோடு வேளச்சேரிக்குப் போய்விட்டார். அங்கே அடுக்குமாடியில் ஒரு வண்டிக்குத்தான் இடமாம்.

பஜ்ஜி அக்கா கேட்டது

அந்தக் காருக்கு நாலு வீடு தள்ளி ஒரு அக்கா சாயங்காலத்தில் பஜ்ஜி போடுவார். வாழைக்காய், வெங்காயம், மிளகாய், கூடவே கொஞ்சம் போண்டா. தள்ளுவண்டிதான். 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் வந்த பிறகு கொடுத்த அடையாள அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு எண்ணெய் டின்னுக்கு மேலே மாட்டியிருப்பார். அட்டைக்குக் கட்டியது போக வேறு சிலருக்கும் ஏதோ கொடுக்கிறார். யாருக்கு, எவ்வளவு என்று கேட்டால் மாவைக் கலக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் ஆக்கிரமிப்பு அகற்ற லாரி வந்தது. அக்காவின் வண்டியையும் ஏற்றிக்கொண்டு போனது. கவர் போட்ட காரை ஒட்டித்தான் லாரியைத் திருப்பினார்கள், இடிக்காமல் இருக்க ஒரு ஆள் இறங்கி நின்று வழி காட்டினார். வண்டியைத் திரும்ப வாங்க அக்கா அலைந்த கதை தனி.

அதற்கப்புறம் எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் போட்டார்கள். கிராம சபை மாதிரி வார்டு மக்கள் கூடிக் குறை சொல்ல 2022-இல் ஆரம்பித்த ஏற்பாடு இது. வழக்கம்போல் சாக்கடை, கொசு, தெருவிளக்கு என்று போய்க்கொண்டிருந்த பேச்சு பார்க்கிங்கில் வந்து நின்றது. தி.நகர், அண்ணா நகர் மாதிரி இங்கேயும் கட்டணம் வருமா என்று யாரோ கேட்டார்கள். உடனே கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ரோடு வரி கட்டுகிறோம், வீட்டு வரி கட்டுகிறோம், இதற்கும் கட்டணுமா என்று ஒரு பெரியவர் உரக்கக் கேட்டார். கைதட்டல். நானும் தட்டினேன் என்றுதான் நினைவு. அப்போதுதான் பின் வரிசையிலிருந்து பஜ்ஜி அக்கா கையைத் தூக்கினார்.

"சார், எனக்கு ஒரு டவுட்டு. என் வண்டி ஆறுக்கு நாலு. கார்டு வெச்சிருக்கேன். நாலு மணிக்கு வரேன், ஒம்போதுக்குள்ள தள்ளிக்கினு போயிடறேன். அத்த தூக்கினு போனீங்க. அந்தக் கவர் போட்ட காரு தீபாவளிலேர்ந்து அங்கியேதான் கீது. அதுக்கு யாரு சார் துட்டு கட்றாங்க?"

வந்திருந்த அதிகாரி நல்ல மனிதர், கோபப்படவில்லை. "அது எங்க டிபார்ட்மென்ட்ல வராதும்மா" என்றார். அக்கா விடவில்லை. "தெரு உங்க டிபார்ட்மென்ட்தானே சார்?" என்றார். யாரோ சிரித்தார்கள். கூட்டம் கொசு மருந்துக்குத் திரும்பிவிட்டது. ரோடு வரி என்று முழங்கிய பெரியவர் மட்டும் கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்குப் போட்டால்

வீட்டுக்கு வந்து பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 ஒரு காருக்கு ஒதுக்கச் சொல்லும் இடம் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். சதுர அடியில் சொன்னால் சுமார் 134. பத்துக்குப் பதிமூன்றரை. அந்த அளவு அறையில், ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் பீரோ, நடுவில் நாலு பேர் பாய் விரித்துப் படுக்கும் குடித்தனங்களை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும். அதற்கு மாதம் ஐயாயிரத்துக்குக் குறையாமல் வாடகை, கரண்டு தனி, ஹவுஸ் ஓனர் முகம் சுளிக்காமல் இருக்கச் செய்யும் செலவு தனி. அக்காவின் வண்டி 24 சதுர அடி, அதுவும் ஐந்து மணி நேரம். கார் இரவும் பகலும் இலவசம்.

சரி, காருக்கு விலை போடலாம் என்றால் எந்த விலை? மாநகராட்சி ஸ்மார்ட் பார்க்கிங் கொண்டுவந்தபோது மணிக்குக் காருக்கு 20 ரூபாய், பைக்குக்கு 5 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த 20-ஐ இருபத்துநாலு மணி நேரத்துக்கும் முப்பது நாளுக்கும் பெருக்கினால் 14,400. எங்கள் தெருவில் அதை எவனும் கட்டப் போவதில்லை, கேட்கவும் கூடாது. மணிக்கணக்கு விலை வேறு ஒரு நோய்க்கான மருந்து. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளில் புடவை எடுக்க வருகிறவர் காலையில் விட்ட வண்டியை மத்தியானச் சாப்பாடும் முடித்து எடுக்காமல் இருக்கவும், பாரிமுனையில் கடை முதலாளியே தன் காரைக் கடை வாசலில் நாள் முழுக்கப் போட்டு வாடிக்கையாளருக்கு இடமில்லாமல் பண்ணாமல் இருக்கவும் அந்த விலை. குடியிருப்புத் தெருவில் ராத்திரி நிற்கும் காருக்கு வேண்டியது மாதப் பர்மிட். பூஜ்யத்துக்கும் 14,400-க்கும் நடுவில் எங்கேயோ அதன் விலை இருக்க வேண்டும். நம்மூரில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் எல்லாக் கூட்டமும் கலைகிறது.

கொள்கை அளவில் இது புதிதும் அல்ல. மத்திய அரசின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே வந்துவிட்டது. வண்டி பிடித்துக்கொள்ளும் நிலத்தின் மதிப்புக்கு ஏற்றபடி பார்க்கிங் கட்டணம் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். எழுதியதோடு சரி.

வேறு ஊரில் என்ன செய்தார்கள் என்று தேடியதில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்துக் கதை எனக்குப் பிடித்திருந்தது. அங்கே குடியிருப்போர் பர்மிட்டுக்கு வருடத்துக்கு சுமார் 30 யூரோ என்று சட்டமே உச்சவரம்பு போட்டு வைத்திருந்தது. 2020-இல் அந்தக் கட்டு தளர்ந்ததும் ஃப்ரைபுர்க் ஒரேயடியாக 360 யூரோ ஆக்கியது. அதுவும் காரின் நீளத்தை வைத்து. 4.2 மீட்டர் வரை 240, அதற்கு மேல் 360, 4.7 மீட்டரைத் தாண்டினால் 480. ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் கட்டணத்தை ரத்து செய்தது. சுவாரசியம் காரணத்தில்தான் இருக்கிறது. 360 யூரோ அதிகம் என்று நீதிபதிகள் சொல்லவில்லை, அந்தத் தொகையில் தவறில்லை என்றே சொன்னார்கள். நீளத்தில் கொஞ்ச வித்தியாசத்துக்கு விலை இந்தத் தாவு தாவலாமா என்பதும், ஏழைகளுக்குத் தந்த தள்ளுபடிக்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்பதும், விதியை எந்த வடிவத்தில் கொண்டுவந்தார்கள் என்பதுமே சிக்கலாயின.

நீளத்தை வைத்து விலை என்றால் நமக்கு ஒன்றும் புரியாத விஷயமில்லை. 2006 பட்ஜெட்டிலிருந்தே நாலு மீட்டருக்குக் கீழே இருக்கும் சின்ன கார்களுக்கு வரியில் சலுகை உண்டு. அதற்காகவே டிக்கியை வெட்டிக் குறுக்கிய மாடல்கள் வந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இத்தனை மீட்டருக்கு இவ்வளவு என்று படி வைத்தால் இப்படித்தான், ஃப்ரைபுர்க்கில் கோர்ட்டு, இங்கே மொட்டை டிக்கி. படியே வேண்டாம், சதுர அடிக்கு இவ்வளவு என்று வைத்துவிடலாம் என்பது என் யோசனை. என் வேகன் ஆர் சுமார் 64 சதுர அடி. எதிர் வீட்டு இன்னோவா கிரிஸ்டா 93 வரும். சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் என்றால் எனக்கு 320, அவருக்கு 465. முதல் பைக்குக்கு ஒன்றும் வேண்டாம். குடித்தனக்காரர் சதுர அடிக்கு 37 ரூபாய் கொடுத்துப் பாய் விரிக்கும் தெருவில் காருக்கு 5 ரூபாய் என்பது கருணைதான்.

மஞ்சள் போர்டு

இதை டீக்கடையில் சொன்னபோது முதலில் அடித்தவன் எங்கள் தெரு டாக்ஸித் தம்பி. மூன்றாவது வீட்டு மாடியில் இருக்கிறான், ஆப்பில் ஓட்டுகிறான். "அண்ணே, என் காரு நிக்குதுன்னா நான் தூங்குறேன்னு அர்த்தம். தூங்கறதுக்கும் காசா? டியூ, டீசல், ஆப்புக்காரன் கமிஷன், எல்லாம் போவ கையில இன்னா நிக்குதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. வெள்ளை போர்டு கார் நிற்பதும் மஞ்சள் போர்டு கார் நிற்பதும் ஒன்றில்லை. காசிமேட்டுக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பும் குட்டி யானை மினி லாரி ராத்திரி எங்கேயாவது நின்றுதான் ஆக வேண்டும். ஐஸ் தண்ணி சொட்டச் சொட்ட, மீன் வாடையோடு எங்கள் தெருவில் இரண்டு நிற்கின்றன.

பிழைப்பு வண்டிக்கு எல்லாம் இலவசம் என்று முடித்துவிடலாமா? அதுவும் சரிப்படாது. ஒரே முதலாளி ஏழெட்டு லோடு ஆட்டோ வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துத் தெருக்களில் படுக்கப் போடுகிறார். தெருதான் அவருக்கு ஷெட். ஆகவே ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்கும் ஒரு வண்டிக்குப் பாதி விலை, இரண்டாவது வண்டியிலிருந்து முழு விலை என்று சொல்லிப் பார்த்தேன். தம்பி கணக்குப் போட்டான். "நூத்தம்பது, இருநூறுன்னா ஒரு டிரிப்பு. நாற்காலி வெச்சுச் சண்ட போடறதுக்கு இது தேவல" என்றான். முழு மனதோடு சொன்னான் என்று சொல்ல மாட்டேன். கன்டெய்னர் லாரிகளின் கதை இந்தக் கணக்குக்குள் அடங்காது. துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கிறவர்களிடம் பார்க்கிங் கட்டணம் கேட்பது அநியாயம், அது துறைமுகம் தீர்க்க வேண்டிய வேலை.

கார் வாங்கும்போதே நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்கலாமே என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சென்னைக்கான பார்க்கிங் கொள்கை பற்றிய பேச்சிலும் இது அடிபட்டது. ஜப்பானில் 1962-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இடம் இருப்பதற்குச் சான்று காட்டினால்தான் கார் பதிவாகும். அங்கே வீட்டுக்கு வீடு கார் வருவதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது, அதனால் செல்லுபடியானது. எங்கள் தெருவில் இன்றைக்கு அதைக் கொண்டுவந்தால் சொந்த நிலம் உள்ளவருக்குக் கார், குடித்தனக்காரருக்கு இல்லை என்றுதான் முடியும். டாக்ஸித் தம்பி முதலில் அடிபடுவான். இரண்டாவதாக, சான்றிதழ் எழுதிக் கொடுக்கவே நாலு கடை முளைக்கும். பர்மிட் என்றால் 320 ரூபாய் வைத்திருக்கிறவர் எவரும் வாங்கலாம். எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது.

விலையைப் பரிசீலிக்கிறோம் என்று அதிகாரிகள் சொன்னால் ஏற்றப் போகிறார்கள் என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்கிறோம். அனுபவம் அப்படி. சான்ஃபிரான்சிஸ்கோவில் 2011-இல் ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். தெருவுக்குத் தெரு, வேளைக்கு வேளை எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்து, நிரம்பி வழியும் இடத்தில் ஏற்றுவது, காற்றாடும் இடத்தில் இறக்குவது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது மீட்டர் விலை சராசரியாக மணிக்கு 2.69 டாலரிலிருந்து 2.58-ஆக இறங்கியிருந்தது. எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையும் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மத்தியானமும் ஒன்றா? ஒரே விலை வைத்தால் ஒரு நாள் சண்டை, ஒரு நாள் ஈ ஓட்டல்.

இதற்கெல்லாம் முன்னால் ரசீது ஒழுங்காக வர வேண்டும். நகரத்துக்குள் ஒரு இடத்தில் வண்டியை விட்டேன். வசூலுக்கு நின்றவர் ஒரு தொகை சொன்னார். ரசீது கேட்டேன். "ரசீது வாணாம்னா பாதி குடு சார்" என்றார். பக்கத்தில் நின்ற கார்க்காரர்கள் பாதி கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்கள். கருப்பாய்ப் போன ரசீதுக் கட்டை அவர் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கட்டணத்தை எவ்வளவு ஏற்றினாலும் அந்தப் பாதிதான் ஏறும், அதுவும் அந்தப் பைக்குள். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் அபராதம் முதல் தடவை 500 ரூபாய் என்று 2022-இலிருந்து இருக்கிறது, மாட்டுகிறவர் எத்தனை பேர் என்பது தெருவில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். வசூலாகும் காசு எங்கே போகிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். எங்கள் தெருப் பர்மிட் பணம் எங்கள் தெரு விளக்குக்கும் மழைநீர் வடிகாலுக்கும்தான் என்று பலகையில் எழுதிப் போட்டால் கொடுப்பார்கள். மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைப் பொதுக் கணக்கில் கரைந்து தெற்கே நடைபாதை ஆகும் என்றால், டீக்கடைப் பேச்சு சரிதான் என்று ஆகிவிடும்.

அடுத்த பகுதி சபைக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். சதுர அடிக் கணக்கு, மஞ்சள் போர்டுக்குப் பாதி, அசையாமல் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு நோட்டீஸ் கொடுத்து இழுத்துப் போவது, வருடத்துக்கு ஒரு தடவை தெருக்காரர்களை வைத்துக்கொண்டே விலையைப் பார்ப்பது எல்லாம் இருக்கிறது. மாட்டியிருப்பது ஒரே இடத்தில். பர்மிட் கொடுக்க முகவரிச் சான்று கேட்பார்கள். எங்கள் தெருவில் பாதிக் குடித்தனத்துக்கு வாடகை ஒப்பந்தமே கிடையாது. கரண்டு பில் ஓனர் பெயரில், ஆதார் இன்னும் விழுப்புரத்திலோ செய்யாற்றிலோ. டாக்ஸித் தம்பியின் ஓனர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார், போட்டால் வாடகை வருமானம் கணக்கில் வந்துவிடுமாம். வேளச்சேரிக்குப் போய்விட்ட கார்க்காரரிடமோ எங்கள் தெரு முகவரியில் எல்லாச் சான்றும் பத்திரமாக இருக்கிறது. இந்தப் பத்தியை எப்படி எழுதுவது என்று அக்காவிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன், அட்டை வாங்க அலைந்த அனுபவம் அவருக்குத்தான் இருக்கிறது.